பெரியவர்கள் வந்தால் மயக்கம்

முதலில் மன்னிக்க வேண்டும். என் கையெழுத்து கோட்டில் நிற்காது, கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். ஊழியர் மலர் வேலையைப் பார்க்கிறவர்கள் திருத்திப் போட்டுக்கொள்ளவும்.

என்னை வழியனுப்பிய அன்று மாலை போட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எனக்குப் பேச வரவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன். மருத்துவ வார்டு சிஸ்டர் வாசல்வரை வந்து, "பேச வேணாம் அண்ணே, எழுதியாவது குடுங்க. அந்த மேசை வந்ததுலேர்ந்து எல்லாரும் உங்களத்தான் கேக்குறாங்க" என்றார்.

அந்த மேசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்புதான் வந்து இறங்கியது. நோயாளியைப் படுக்கவைத்து வாரால் கட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினால் மேசை தானாகவே நிமிர்ந்து நிற்கும். நிற்கும்போது இரத்த அழுத்தம் எப்படி இறங்குகிறது என்று பக்கத்துத் திரையில் கோடு ஓடும். மயக்கம் வந்தாலும் விழ முடியாது, வார் பிடித்துக்கொள்ளும். அந்த வார் செய்கிற வேலையைத்தான் ஒரு காலத்தில் நான் செய்துகொண்டிருந்தேன். நோயாளிக்குப் பின்னால் நிற்பது. அவ்வளவுதான் வேலை.

என் அப்பா ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு பண்ணையில் ஆள். பண்ணை வீட்டார் கண்ணில் படும் இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. யார் உள்ளே வந்தாலும் எழுந்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் கடைநிலை வேலைக்குச் சேர்ந்தபோது அதுவே நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளவும், படுக்கை மாற்றவும், ஆக்சிஜன் சிலிண்டரை அடிப்பக்கம் சாய்த்து உருட்டவும் மூத்தவர்களைப் பார்த்தே பழகினேன். பெண்கள் வார்டில் ஆயாம்மா உண்டு. கனமான ஆளைத் தூக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஜில்லா பெரியது, திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் அதற்குள்தான்.

ஆட்சி மாறி, ஆபீஸ் சுவர்களில் படங்களும் மாறியிருந்த காலம். கிழக்கே கூலித் தகராறு ஓயவில்லை. குடியிருக்கிற மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்த சமயம் வேறு. ஊருக்கு ஊர் போலீஸ் கூடாரம் போட்டிருந்தது. வெட்டுப்பட்டவர்கள், மண்டை உடைந்தவர்கள் எல்லாம் எங்களிடம்தான் வருவார்கள். யாரைக் கொண்டுவந்தாலும் பின்னாலேயே இரண்டு கூட்டம் வரும். ஒன்று பண்ணை ஆட்கள், இன்னொன்று சிவப்புத் துண்டு போட்ட சங்கத்து ஆட்கள். வராந்தாவில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

அஞ்சம்மாள் அப்படித்தான் மாட்டுவண்டியில் வந்தார். திருவாரூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். நடவு நட்டுக்கொண்டிருந்தபோது சேற்றில் விழுந்துவிட்டார். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் அது முதல் தடவை விழுந்ததல்ல. அந்தப் பருவத்தில் பல தடவை விழுந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பண்ணையின் காரியக்காரர் வரப்பில் வந்து நின்றபோதுதான் விழுந்திருக்கிறார்.

பண்ணை வேலைகளை நேரில் நின்று பார்க்கிறவர்தான் காரியக்காரர். தலைப்பாகை கட்டிய பெரியவர். வராந்தாவில் யாரோ கேட்டதற்கு அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"காலேலேர்ந்து குனிஞ்ச தல நிமிராம நடுவா. என் தல தெரிஞ்சா போதும், தொபுக்குன்னு விழுவா. சங்கத்துல சொல்லிக் குடுத்திருக்கான்."

எதிர்ப்பக்கத்திலிருந்து சங்கத்துக்காரர் குரல் கொடுத்தார். "நீங்க கிட்ட வந்தா மட்டும் ஏன் விழுவுது அந்தப் பொம்பள? கம்பால குத்துனீங்களா, காலால எத்துனீங்களா? நாங்க கேஸ் போடுறோம், நீங்க கோர்ட்டுல வந்து சொல்லுங்க."

"அவளயே கேளேன் தம்பி. மூணு முழத்துக்கு அப்பால நின்னேன்."

அஞ்சம்மாளை இரு தரப்பும் கேட்டது. அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "யாரும் அடிக்கலீங்க. நான் நடிக்கவும் இல்லீங்க. விழுந்துட்டேன்." இது யாருக்கும் பயன்படவில்லை. சங்கத்துக்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. காரியக்காரர் வேலைக்கு வராத ஆளுக்குக் குடிசை எதற்கு என்று அஞ்சம்மாளின் கணவர் காத்தானிடம் கேட்டுவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பிவிட்டால் அவர் மறுபடி சேற்றில் இறங்க வேண்டும், அல்லது குடிசையைக் காலி செய்ய வேண்டும். இறங்கினாலும் நடிக்கிறவள் என்ற பெயரோடுதான் இறங்க வேண்டும்.

அவரைப் பார்த்தால் யாருக்கும் இரக்கம் வராது என்பதையும் சொல்ல வேண்டும். இவ்வளவு பேச்சுக்கும் அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கண் சிவந்து, மணல் விழுந்தது போல உறுத்துகிறது என்று கசக்கிக்கொண்டே இருப்பார். ஆயாம்மா சவரியம்மா என்னிடம், "கல்லு மாதிரி குந்தியிருக்கா பாரு. நெசமா நோவு கண்டவ அழமாட்டாளா?" என்றார். சோறு தொண்டையில் இறங்காது. ஒரு வாய்க்கு ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. நடவுப் பெண்களுக்குக் கை வீங்குவது சகஜம் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் வார்டில் ரவுண்ட்ஸ் என்றால் இப்படி. மணி அடித்ததும் உட்கார்ந்திருப்பவர், நின்றிருப்பவர் எல்லாரையும் கட்டிலில் ஏற்றிப் படுக்கவைப்போம். போர்வையை மார்புவரை இழுத்து மடிப்புத் தட்டி விடுவோம். உறவுக்காரர்கள் வெளியே. தட்டு, சொம்பு கட்டிலுக்கடியில். டாக்டர் வரும்போது வார்டு முழுக்க ஒரே வரிசையாகப் படுத்திருக்கும். அதுதான் ஒழுங்கு. நான் சேருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

அஞ்சம்மாள் வந்த புதிதில் டாக்டரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்ப்பார். சவரியம்மா தோளை அமுக்கி, "படு, படு. இங்க படுக்கிறதுதான் மரியாத" என்பார். அவரும் கற்றுக்கொண்டார். உதவி டாக்டர் தினமும் அழுத்தம் பார்ப்பார். நன்றாக இருக்கும். சில நாள் கொஞ்சம் கூடுதலாகக்கூட இருக்கும். நாடி நன்றாக இருக்கும். இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். மயக்கத்துக்குக் காரணம் தெரியவில்லை. மறுவாரம் அனுப்பிவிடலாம் என்று பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் பெரிய டாக்டரம்மா மாற்றலாகி வந்தார். மெலிந்த உருவம், வெள்ளைப் பருத்திப் புடவை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிய பிறகுதான் நோயாளியின் முதுகில் வைப்பார். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருப்பார். எவ்வளவு நேரம் ஆனாலும் அடுத்த கேள்விக்குப் போகமாட்டார். கூட நிற்கிறவர்களுக்குக் கால் கடுக்கும். அவருக்குக் கடுத்த மாதிரி தெரியாது, ஏனென்றால் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். டாக்டர் ஒருவர் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்ததை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

பொறுப்பேற்ற மறுநாள் காலை, மணி அடிப்பதற்கு முன்பே, சமையல்கட்டுப் பக்கத்து வாசலால் தனியாக வந்துவிட்டார். நாங்கள் யாரும் தயாராக இல்லை. நான் அழுக்குத் துணி மூட்டையைத் தோளில் வைத்திருந்தேன். அஞ்சம்மாள் தரையில் உட்கார்ந்து கஞ்சி குடித்து முடித்திருந்தார். வெள்ளைப் புடவையைக் கண்டதும், படுக்க வேண்டும் என்பது மறந்து, பழைய பழக்கத்தில் சட்டென்று எழுந்து நின்றார். கையைக் கட்டினார். முகம் வெளுத்தது. அப்படியே சரிந்தார்.

நான் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். சவரியம்மா தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தார். தூக்கி உட்காரவைக்கக் கை கொடுத்தோம்.

"தூக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. அதற்குள் தரையில் மண்டி போட்டு நாடியைப் பிடித்திருந்தார். "தல கீழயே இருக்கட்டும். கால மட்டும் தூக்கிப் பிடிங்க."

நான் இரண்டு பாதத்தையும் தூக்கிப் பிடித்தேன். வெயில் காலத்திலும் அந்தப் பாதங்கள் காய்ந்த மட்டை போல இருந்தன. சற்று நேரத்தில் கண் திறந்தது.

டாக்டரம்மா தரையிலேயே உட்கார்ந்து கேட்டார். "எப்பெப்ப இப்படி விழுவே?"

அஞ்சம்மாள் யோசித்தார். டாக்டரம்மா காத்திருந்தார்.

"யாராச்சும் பெரியவங்க வந்தா விழுந்துடுவேங்க."

சவரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பெரியவங்க வந்தா என்ன செய்வே?"

"எந்திரிப்பேங்க."

"வயல்ல?"

"குனிஞ்சு நட்டுக்கிட்டு இருப்போம். காரியக்காரர் ஐயா வரப்புல வந்தா எல்லாரும் நிமிந்து நிக்கணும். கொசுவத்த எறக்கிவிட்டுக்கிட்டு, அவுரு சொல்றதக் கேட்டுட்டு, போனப்புறம் திரும்பக் குனிவோம். மத்தவளுவ நிப்பாளுவ. நான் விழுந்துடுவேன்."

டாக்டரம்மா எழுந்து உதவி டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார். அவர் பயந்துகொண்டே வந்தார். "உங்கமேல தப்பில்ல. நாம எல்லாரையும் படுக்கவச்சே பாக்குறோம். படுத்திருந்தா இவளுக்கு ஒண்ணுமே இல்ல" என்றார் டாக்டரம்மா.

அடுத்து வந்த நாட்களில் நடந்த சோதனைகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. மை உறிஞ்சுகிற காகிதம் போல ஒன்றைச் சின்னக் கீற்றாக நறுக்கி, நுனியை மடித்து, கீழ் இமைக்குள் தொங்கவிட்டார். கண்ணை மூடச் சொன்னார். சாதாரணமாகக் காகிதம் நனைந்து ஈரம் கீழே இறங்கி வரும். அஞ்சம்மாளின் கண்ணிலிருந்து எடுத்த காகிதம் மொடமொடவென்று இருந்தது. சவரியம்மா அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். "அழறதுக்குத் தண்ணியே இல்லியாடி உனக்கு?" என்றார். அதன்பின் அவர் அஞ்சம்மாளைக் கல் என்று சொல்லவில்லை.

இன்னொரு நாள் முற்றத்து வெயிலில் உட்காரவைத்து முன்கையில் அயோடின் மருந்து தடவி, உலர்ந்ததும் மேலே ஸ்டார்ச் மாவு தூவினார். ஒப்பிட்டுப் பார்க்க என் கையையும் நீட்டச் சொன்னார். வியர்வை பட்ட இடம் கறுக்கும். என் கை சீக்கிரமே புள்ளி புள்ளியாகக் கறுத்து, பிறகு முழுக்க மசி பூசியது போல ஆனது. அஞ்சம்மாளின் கையில் மாவு வெள்ளையாகவே இருந்தது.

கடைசியாக நிற்கவைத்துப் பார்ப்பது. அதற்குத்தான் நான் தேவைப்பட்டேன். விழுந்தால் தாங்க வேண்டும். பெண்ணைத் தொட்டுப் பிடிக்க எனக்குக் கூச்சம். அதனால் படுக்கை விரிப்பை நாலாக மடித்து இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் நின்றேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "அதுவும் நல்ல ஏற்பாடுதான்" என்றார். அந்த மேசை வரும்வரை அப்படியேதான் பிடித்தேன்.

அதை எல்லார் எதிரிலும் செய்வது என்று முடிவானது எப்படி என்றால், அன்றைக்குப் பார்வையாளர் நேரத்தில் வராந்தாவில் மறுபடியும் சத்தம். காரியக்காரரும் சங்கத்துக்காரரும் பழைய பேச்சையே பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா அஞ்சம்மாளிடம், "அவங்கள வெளியே அனுப்பிடவா?" என்று கேட்டார்.

"வேணாம்மா. அவுங்க முன்னாலயே பாருங்க."

"உனக்குச் சங்கடமா இருக்காதா?"

"வயக்காட்டுல அவுங்க முன்னாலதான விழுந்தேன்."

இருவரையும் உள்ளே அழைத்தார்கள். அஞ்சம்மாளை வெகுநேரம் அசையாமல் படுக்கவைத்து, பாதரசப் பெட்டியைத் திறந்து அழுத்தம் பார்த்தார். நன்றாக இருந்தது. பிறகு டாக்டரம்மா காரியக்காரரைப் பார்த்து, "ஐயா, இந்தப் பக்கம் வந்து நாடியப் பிடிச்சுப் பாருங்க" என்றார்.

அவர் அஞ்சம்மாளின் கையைத் தொட வேண்டும். பண்ணையாள் பெண் கையில் அதுவரை அவர் கூலிகூடப் போட்டிருக்கமாட்டார், முறத்தில்தான் கொட்டியிருப்பார். துண்டைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். டாக்டரம்மா காத்திருந்தார். அவருடைய காத்திருப்பைப் பற்றி முன்பே சொன்னேன்.

அஞ்சம்மாள் கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "தொட்டுப் பாருங்க. இல்லன்னா நம்பமாட்டீங்க."

காரியக்காரர் குனிந்து இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்தார். "அடிக்குது" என்றார். இன்னொரு கையைச் சங்கத்துக்காரர் பிடித்தார். டாக்டரம்மா சொன்னதும் அஞ்சம்மாள் எழுந்து தரையில் நின்றார். நான் விரிப்போடு பின்னால் நின்றேன்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. அவருடைய பின்கழுத்துதான் எனக்குத் தெரிந்தது. கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாய்ந்தது.

"கொறையுது" என்றார் காரியக்காரர். பிறகு விரலை மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். "என்னம்மா, நாடியக் காணோம்?"

அதே நேரம் விரிப்பில் முழுப் பாரமும் விழுந்தது. நான் தாங்கிக் கீழே இறக்கினேன். காரியக்காரர் கையை விடவில்லை. அவரும் கூடவே தரைவரை குனிந்து வந்தார். படுத்த சற்று நேரத்தில், "வந்துருச்சு, வந்துருச்சு" என்றார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

டாக்டரம்மா விளக்கினார். ஆங்கிலப் பெயர் எனக்கு எழுத வராது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிற நோயாம். முதலில் கண்ணீர், எச்சில் ஊறுகிற இடங்களையும் மூட்டுகளையும் பிடித்திருக்கிறது. பிறகு நாம் நினைக்காமலே தானாக வேலை செய்கிற நரம்புகளை. "நாம எந்திரிச்சா ரத்தம் காலுக்கு எறங்கும். உடனே அந்த நரம்பு ரத்தக் குழாயை இறுக்கி மேலே தள்ளிவிடும். இவளுக்குத் தள்ளல. கஞ்சி குடிச்சப்புறமும் வெயில்லயும் இன்னும் மோசமாகும்."

"கடமட வயலுக்குத் தண்ணி ஏறலங்கிறீங்க" என்றார் அஞ்சம்மாள் தரையிலிருந்து.

"அதேதான்."

"அப்ப நான் நடிக்கலீங்கம்மா."

"நீ நடிக்கல."

அவர் அழுதார் என்று நினைக்கிறேன். முகம் அழுகிற மாதிரிதான் கோணியது. கண்ணில் ஒன்றும் வரவில்லை.

மருந்து கொடுத்தார்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினேன். தலை உயரமாகத் தூங்கினால் காலையில் எழும்போது அழுத்தம் அவ்வளவு இறங்காதாம். உப்பு கூடுதலாகப் போட்டுக் கஞ்சி, நிறையத் தண்ணீர். பாதத்திலிருந்து தொடைவரை துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றச் சவரியம்மா கற்றுக்கொடுத்தார். அனுப்புகிற அன்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். "முதல்ல உக்காரு. காலத் தொங்கப்போட்டு இரு. அப்புறம் எந்திரி. யார் வந்தாலும் சரி, சட்டுன்னு எந்திரிக்கக் கூடாது. யார் வந்தாலும்."

அறுவடை முடிந்து மருந்து வாங்க வந்தபோது அஞ்சம்மாள் சொன்ன கதையைத்தான் நான் பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மனை விஷயமாகப் பண்ணை முதலாளியே குடியிருப்புக்கு வந்திருக்கிறார். தெருவே எழுந்து நின்றிருக்கிறது. இவர் காலைச் சுற்றிய துணியோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

"'யார்றா அவ, குந்திக்கிட்டிருக்கா'ன்னாரு. நான் சொன்னேன், எந்திரிச்சா விழுந்துடுவேங்க, டாக்டரம்மா உத்தரவுங்க. காரியக்காரர் ஐயா பக்கத்துலதான் நின்னாரு. 'நெசந்தானுங்க, நான் புடிச்சுப் பாத்தேன், நாடி நின்னு போவுது'ன்னு அவரே சொல்லிட்டாரு. செத்த நேரத்துல எங்க ஓரவத்தி குந்துனா. ஏண்டின்னு கேட்டா, 'எனக்கும் லேசா அப்படித்தான் வருது'ங்கிறா. அப்புறம் இன்னொருத்தி. தெருவுல பாதிப் பேருக்கு அந்த வியாதி வந்துருச்சுங்க."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டு சிரித்தார். குடிசைக்கு மனைப்பட்டா கிடைத்தது. சங்கத்துக்காரர் சண்டை போட்டு அவருக்கு உட்கார்ந்து நாற்று முடி கட்டுகிற வேலையை வாங்கிக் கொடுத்தார்.

கதையை இங்கே நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் அந்த நோய் நிற்கவில்லை. சில வருடங்களில் பல் எல்லாம் போய்விட்டது. பிறகு வயிறு இயங்குவதும் நின்று நின்று நடந்தது. பெரிய டாக்டரம்மா மாற்றலாகிப் போனார். ரவுண்ட்ஸுக்கு மறுபடியும் எல்லாரையும் படுக்கவைக்கத் தொடங்கினோம். நிற்கவைத்துப் பார்க்கும் வழக்கம் மட்டும் வார்டில் தங்கிவிட்டது. அதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். எத்தனையோ பேருக்குப் பின்னால் நின்றேன். சர்க்கரை நோய்க்காரர்கள், வயதானவர்கள், அஞ்சம்மாளைப் போல ஒருசிலர். எல்லாருடைய முதுகும் கழுத்தும்தான் எனக்குத் தெரியும். முகம் தெரியாது. அலுப்பான வேலை. விழாதவரை ஒன்றும் செய்ய வேண்டாம், ஆனால் கண்ணை எடுக்கவும் முடியாது.

அஞ்சம்மாள் கடைசியாக ஒரு ஐப்பசி அடைமழையில் வந்தார். தூக்குவதற்குக் கனமே இல்லை. கட்டிலின் தலைப்பக்கத்துக்குச் செங்கல் வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"எப்பப் பாத்தாலும் நிக்கிறீங்களே அண்ணே. செத்த உக்காருங்க" என்று கட்டில் ஓரத்தைத் தட்டினார்.

ரவுண்ட்ஸ் மணி அடித்துவிட்டது. "அப்புறம் வரேம்மா" என்று போர்வையை இழுத்துவிட்டுப் போனேன். மறுநாள் நான் வேலைக்கு வந்தபோது கட்டிலில் வேறு ஆள் இருந்தார். செங்கல் அப்படியே இருந்தது. எடுத்து வைத்தேன்.

புது மேசை நல்ல மேசை. வார் களைப்படையாது. எனக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. இதை எழுத நான்கு நாள் ஆனது, மத்தியான வேளைகளில், வாசல் பெஞ்சில் உட்கார்ந்து. நடுவே வீட்டுச் சொந்தக்காரர் ஒரு தடவை வந்தார், பஞ்சாயத்துத் தலைவர் ஒரு தடவை வந்தார். இரண்டு தடவையும் உட்கார்ந்தபடியே பேசினேன். முழங்கால்தான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஐப்பசி 11, வியாழக்கிழமை. மழை.